கண்ணாடி விரியனின் விலாசம்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், கிருமாம்பாக்கம் பக்கம் இருக்கிறது பிள்ளையார்குப்பம். பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி வந்ததிலிருந்து பேருந்தில் ஊர்ப்பெயர் கேட்பது குறைந்துவிட்டது. "மெடிக்கல் காலேஜ் எறங்கு" என்றால் எல்லோருக்கும் தெரியும். பாம்பு கடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் இடங்களில் இதுவும் ஒன்று. இது வருவதற்கு முன்னால் கடலூர் பெரியாஸ்பத்திரி, இல்லையென்றால் கோரிமேட்டில் 1964இல் தொடங்கிய ஜிப்மர். அதற்கும் முன்னால் வேப்பிலையும் மந்திரமும்.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கடிபட்டவரோடு கடித்த பாம்பும் வரும். உரச்சாக்கில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, சில சமயம் வாய் கட்டிய குடத்துக்குள் உயிரோடு. பெரும்பாலும் தலை நசுங்கியிருக்கும். அடிக்கிறவர் கோபம் முழுக்கத் தலையில்தான் இறங்கும்; இனம் காண உதவுவதும் அந்தத் தலைதான். இன்று வருவது கைபேசிப் படம். அடிக்காதீர்கள், பிடிக்காதீர்கள், கொண்டுவராதீர்கள், முடிந்தால் எட்ட நின்று ஒரு படம் எடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி ஓரளவு பழகியிருக்கிறது. நல்ல மாற்றம்தான். வெட்டுண்ட விரியன் தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும். பாம்பை அடிக்கப்போய் இரண்டாவது ஆள் கடிவாங்கி வந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

ஆனால் சாக்கிலும் வராதது, படத்திலும் வராதது ஒன்று இருக்கிறது. அந்தப் பாம்பு எங்கே இருந்தது? நோயாளியின் சீட்டில் இருப்பது அவருடைய வீட்டு முகவரி. கடி நடந்ததோ பக்கத்து ஊர்க் கழனியில், கரும்புக் கொல்லையில், மச்சான் வீட்டு வைக்கோல்போரில். வலது கணுக்கால் என்பது சீட்டில் துல்லியமாக இருக்கும். எந்த வரப்பு என்பது இருக்காது. வாட்ஸ்அப்பில் நாலு கை மாறிய படத்திலோ இட விவரம் உதிர்ந்துபோயிருக்கும். கடைசியில் "பிள்ளையார்குப்பத்தில் கண்ணாடி விரியன்" என்று ஒரு பதிவு எங்காவது ஏறினால், அது பாம்பின் ஊராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆஸ்பத்திரியின் ஊராகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு, இதே பெயரில் இந்த வட்டாரத்தில் வேறு பிள்ளையார்குப்பங்களும் உண்டு.

இதைக் கைபேசிக் காலத்தின் கோளாறு என்று சொல்ல முடியாது. இருநூறு ஆண்டுக்கு மேலாக இந்தக் கடற்கரையில் பாம்புகளுக்கு விலாசம் எழுதிய முறையே இதுதான்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்த கோனிக் 1785இல் இறந்தபின், அந்தப் பொறுப்பு பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரிடம் வந்தது. அவர் இருந்தது விசாகப்பட்டினத்தில். எந்தப் பாம்பு கடித்தால் சாவு, எது கடித்தால் பயம் மட்டும் என்று பிரித்துச் சொல்வதே அவர் எடுத்துக்கொண்ட வேலை. நாயையும் கோழியையும் கடிக்கவிட்டு, எத்தனை நிமிடத்தில் என்ன ஆயிற்று என்று குறித்துவைத்தார். சோழமண்டலக் கரையின் பாம்புகள் பற்றிய அவருடைய வண்ண ஓவிய நூல் 1796இல் லண்டனில் வெளிவந்தது. கண்ணாடி விரியன் அதில் "காட்டுக ரேகுல பொட" என்ற தெலுங்குப் பெயரோடு இருக்கிறது. மறு ஆண்டே ஷா, நோடர் என்ற இருவர் அறிவியல் பெயர் சூட்டும்போது அதற்கு ரஸ்ஸலின் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். பிடித்துக் கொடுத்தவனின் பெயர் எங்கும் இல்லை. அவன் எந்த ஊர்ப் புதரில் பிடித்தான் என்பதும் இல்லை.

பாம்புகள் ரஸ்ஸலுக்குப் பல இடங்களிலிருந்து வந்தன. சுருட்டை விரியனுக்கு இன்றுவரை அறிவியல் நூல்கள் தரும் மூல ஊர் நம் ஆரணி. பட்டுக்குப் பேர்போன ஆரணிதான். மண்ணுளிப் பாம்பின் மூல ஊர் தரங்கம்பாடி. அங்கே டேனிஷ் மிஷனில் இருந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியாரின் பெயரை 1801இல் அதற்கு ரஸ்ஸல் வைத்தார். பாதிரியார் பெயர் தாங்கிய அந்தச் சாதுப் பாம்பைத்தான் 'இருதலை மணியன்' என்று சொல்லிக் கோடிக்கணக்கில் விலைபேசி ஏமாற்றிக்கொண்டிருக்கிறது ஒரு கூட்டம். அது வேறு கதை.

ரஸ்ஸல் காலத்தில் தஞ்சாவூர் மாத்திரை என்று ஒன்று பாம்புக் கடிக்குப் பெயர்பெற்றிருந்தது. வெள்ளைப் பாஷாணம் சேர்த்த உருண்டை. ரஸ்ஸலும் அதைச் சோதித்து எழுதியிருக்கிறார். கடித்தது விஷமில்லாத பாம்பாக இருந்தால் மாத்திரைக்குப் புகழ். விரியனாக இருந்தால் விதி. எந்தப் பாம்பு கடித்தது என்ற பதிவு இல்லாத ஊரில் எல்லா மருந்தும் ஜெயிக்கும்.

பிடித்த உயிரைக் குப்பியில் அடைத்து எங்கோ அனுப்பிவைக்கும் இந்தக் குப்பி வியாபாரத்தில் புதுச்சேரிக்கும் நல்ல பங்கு உண்டு. 1816இல் இங்கே வந்து சேர்ந்த லெஷெனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர், செடிகளோடு உயிரினங்களையும் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நம் வேப்பமரத்தில் ஒட்டிக்கிடக்கும் மரப்பல்லி ஒன்றின் அறிவியல் பெயரில் அவர் இன்றும் இருக்கிறார். அவருக்குப் பின் வந்த சாமுவேல் பெரோத்தே புதுச்சேரித் தாவரவியல் பூங்காவைக் கவனித்துக்கொண்டார். 1870இல் இந்த ஊரிலேயே இறந்தார். இரண்டு பாம்புகளுக்கு அவர் பெயர். இரண்டும் நீலகிரி மண்ணுக்குள் வாழ்பவை. 1854இல் விலங்கியலாளர் துமேரில் கோஷ்டியார் பாரிஸில் அவற்றை விவரித்தார்கள்.

இதை யோசித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். புதுச்சேரியில் குடியிருந்தவர் மலை ஏறிப்போய் அபூர்வப் பாம்புகளுக்குப் பேர் வாங்கித் தந்தார். பூங்கா வாசலைத் தாண்டினால் வில்லியனூர், பாகூர்க் கழனிகளில் படுத்திருந்த விரியனுக்கு ஒரு வரி எழுத ஆளில்லை. குற்றம் அவருடையது மட்டும் இல்லை. அபூர்வமான பாம்புக்கு ஒவ்வொரு சாட்சியத்தையும் தேடித் தேடிக் குறிப்பார்கள். சாதாரணப் பாம்புக்கு "சமவெளி எங்கும்" என்று ஒரு வாக்கியத்தோடு முடித்துவிடுவார்கள். மால்கம் ஸ்மித் 1943இல் எழுதிய பாம்புத் தொகுதி, ஐம்பது அறுபது ஆண்டுகள் இந்தியப் பாம்பியலின் பைபிளாக இருந்தது. அதிலிருந்து ரோமுலஸ் விட்டேக்கரும் அசோக் கேப்டனும் 2004இல் கொண்டுவந்த களக் கையேடு வரை வரைபடங்கள் மெருகேறிக்கொண்டே வந்தன. ஆனால் ஒரு பாம்பின் வரைபடத்தை உற்றுப் பார்த்தால் தெரிவது பாதி பாம்பு, பாதி மனிதர்கள். புள்ளி அடர்த்தியாக இருக்கும் இடத்தில் துறைமுகமோ கல்லூரியோ பாம்புப் பண்ணையோ இருக்கும். புள்ளியே இல்லாத இடத்தில் எழுதத் தெரிந்தவன் போகவில்லை.

எழுதாமலே தெரிந்தவர்கள் இருந்தார்கள். பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்து வரப்புகளில் எலிவளை தோண்டும் இருளர்கள். அறுவடை முடிந்ததும் கடப்பாரையோடு இறங்கி, வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெல்லையும் எலியையும் எடுப்பார்கள். எந்த வளையில் எலி, எதில் பாம்பு என்று வாய்ப்புறத்து மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்த அறிவு எந்த நூலிலும் ஏறவில்லை. இருளர்களையே புதுச்சேரியில் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்து ஆணை வந்தது 2016இல்தான் என்னும்போது, அவர்கள் சொன்ன பாம்பை யார் பதிவேட்டில் சேர்த்திருப்பார்கள்? வடக்கே வடநெம்மேலியில் கதை வேறு மாதிரி. 1972 வனவிலங்குச் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் வந்து பிழைப்பு போனபோது, விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி விட்டுவிடுவார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

கழனியும் முன்புபோல் இல்லை. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நிரம்பும் பாகூர் ஏரி இன்றும் இருக்கிறது. அதை நம்பி நெல் இருக்கிறது. ஆனால் கதிர் அரிவாளோடு குனிந்து வரிசையாக அறுத்த பெண்களின் இடத்தில் அறுவடை இயந்திரம் ஓடுகிறது. அன்று கடி கையில் விழும். இன்று அதிகம் காலில். இரவில் கரண்ட் வந்த நேரம் பார்த்து மோட்டார் போடப் போகிறவர், வரப்பில் செருப்பில்லாமல் நடக்கிறவர், பம்புசெட்டுக் கொட்டகையின் மூலையில் கைவிடுகிறவர், இவர்கள்தான் விரியனுக்கு எதிரே வந்து நிற்பது. இன்னொரு பக்கம் சாலையை ஒட்டிய கழனிகள் கல்நட்டு மனையாகிவிட்டன. வீடு எழும்பாத மனையில் கருவேலம் மண்டி, குப்பை விழுந்து, எலி பெருகி, விரியனுக்கு வாகான இடமாகிறது. நல்லபாம்பைப்போலக் கண்ணாடி விரியன் படமெடுத்து எச்சரித்துப் பயமுறுத்தாது. கிடந்த இடத்தில் கிடந்து குக்கர் விசில்போலச் சீறும். சருகில் அதன் சங்கிலிப் புள்ளிகள் தெரியவே தெரியாது. முட்டையிடாமல் குட்டி போடும். ஒரே ஈற்றில் இருபது முப்பது குட்டிகள் சாதாரணம். "ஊருக்குள்ள பாம்பு வந்துடுச்சு" என்று சொல்கிறார்கள். அது வந்ததா, இருந்த இடத்துக்கு ஊர் வந்ததா என்று கேட்டால், பழைய பதிவு இருந்தால்தானே பதில் சொல்ல!

பதிவு இல்லாமல் போவதால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசம் நல்ல சாட்சி. அங்கே கண்ணாடி விரியன் அழிந்தேபோனது என்று 2002இல் அறிவித்தார்கள். சில ஆண்டுகளில் ராஜ்ஷாஹிப் பக்கம் மறுபடி கடி விழ ஆரம்பித்தது. பத்மா ஆற்றை ஒட்டிய மாவட்டங்களில் ஒவ்வொன்றாகத் தலைகாட்டியது. வெள்ளத்தில் மிதந்து வந்தது என்றார்கள். வருடத்துக்கு மூன்று போகம் நெல் என்றாகி எலி பெருகியதுதான் காரணம் என்றும் சொன்னார்கள். 2024 ஜூனில் சமூக ஊடகங்களில் பீதி கிளம்பி, கண்ட பாம்பையெல்லாம் அடித்தார்கள். ஃபரித்பூரில் ஓர் அரசியல்வாதி, விரியனைக் கொன்றால் ஐம்பதாயிரம் டாக்கா பரிசு என்று அறிவித்துவிட்டுப் பிறகு பின்வாங்கினார். அழிந்ததாகச் சொன்ன பாம்பு உண்மையில் அழிந்திருந்ததா, பார்க்க ஆளில்லாமல் இருந்ததா? அழிவு என்ற தீர்ப்பை எழுதுவதற்கு முன் வயலில் நிற்கிறவனை யாராவது கேட்டார்களா?

தவறாக எழுதிய பதிவு, எழுதாத பதிவைவிட மோசம். கேரளத்தில் பல ஆண்டுகள் சில கடிகளைச் சுருட்டை விரியன் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். விஷமுறிவு மருந்து குப்பி குப்பியாக ஏற்றியும் ரத்தம் உறையவில்லை. 2007இல் ஜோசப் ஜோசப்பும் அவருடைய சகாக்களும் ஆஸ்பத்திரியில் பாதுகாத்து வைத்திருந்த பாம்புகளைச் சரிபார்த்து வெளியிட்டபோதுதான் தெரிந்தது, அவை கூர்மூக்குக் குழிவிரியன்கள். அவற்றின் விஷத்துக்கு நம் மருந்து வேலை செய்யாது. இந்தியாவில் கிடைக்கும் மருந்து நல்லபாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்புக்கானது. நம் பக்கத்தில் இவ்வளவு கொடிய குழப்பம் இல்லை. சொரசொரத்த மண்ணுளியைக் கண்ணாடி விரியன் என்று அடித்துக் கொல்வது, வெள்ளிக்கோல் வரையனைக் கட்டு விரியன் என்று அலறுவது, இவ்வளவுதான். படம் தெளிவாக இருந்தால் இதெல்லாம் இன்று ஒரு நிமிட வேலை.

படம் இல்லாவிட்டாலும் ரத்தம் கொஞ்சம் சொல்லும். உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் என்று வைத்துக்கொண்டு மருந்து ஏற்றுவார்கள். எந்த விரியன் என்று குழாய் சொல்லாது. (இதே கண்ணாடி விரியன் விஷத்தை நீர்த்து, மனிதரின் ரத்த உறைவுக் கோளாறுகளைக் கண்டறியும் பரிசோதனைக்கு உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்துகிறார்கள் என்பதை நம்மூரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.)

நாலு பாம்புக்கும் ஒரே மருந்து என்றால் விலாசத்தைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். ஆல்பெர் கால்மெத் 1890களில் நல்லபாம்பு விஷத்தை வைத்து முதல் முறிவு சீரம் செய்தபோது, எல்லாப் பாம்புக்கும் அது ஆகும் என்றுதான் நினைத்தார். கண்ணாடி விரியனிடம் அது பலிக்கவில்லை. பம்பாயில் ஜார்ஜ் லாம்ப் செய்த சோதனைகள் அதைக் காட்டின. ஒரு இனத்தின் மருந்து இன்னொரு இனத்துக்கு ஆகாது என்பது அன்றைய பாடம். ஒரே இனத்துக்குள்ளும் ஊருக்கு ஊர் விஷம் மாறும் என்பது இன்றைய பாடம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழு 2025இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவின் 34 இடங்களிலிருந்து 115 கண்ணாடி விரியன்களின் விஷத்தை ஒப்பிட்டார்கள். வெப்பமும் மழையும் மாறும்போது விஷத்தின் கலவையும் ஓரளவு மாறுகிறது. வறண்ட பகுதிப் பாம்புகளின் விஷத்தில் புரதத்தை அரிக்கும் தன்மை கூடுதலாக இருந்தது. மழையும் மண்ணும் வேறான இடத்து விரியனின் கடிக்கும், வடநெம்மேலியைச் சுற்றிப் பிடித்த பாம்பின் விஷத்தால் செய்த மருந்துதான் போகிறது. அது எங்கே நன்றாக வேலை செய்கிறது, எங்கே குப்பி கூடுதலாகப் பிடிக்கிறது என்று அறிய, கடி நடந்த வரப்பு தெரிய வேண்டும். மாவட்டப் பெயர் போதாது. 'புதுச்சேரி' என்பது போதவே போதாது. மேற்குக் கரையில் இருக்கும் மாஹேயில் கிடைத்த பாம்பும் காகிதத்தில் புதுச்சேரிப் பாம்புதான்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரி 58,000. இந்த எண்ணே ஆஸ்பத்திரிப் பதிவேடுகளிலிருந்து வரவில்லை. வீடு வீடாகப் போய் எப்படி இறந்தார்கள் என்று கேட்டதிலிருந்து வந்தது. பதிவேடு எவ்வளவு ஓட்டை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 2030க்குள் சாவைப் பாதியாக்குவது என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு, பாம்புக் கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

எழுத ஆட்களும் கூடியிருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் கைகொடுத்து 2008இல் தொடங்கிய இந்தியப் பல்லுயிர்த் தளத்தில், எந்தக் கல்லூரிப் பையனும் படத்தோடும் இடத்தோடும் ஒரு பாம்பை ஏற்றலாம். கேரள வனத்துறை 'சர்ப்பா' என்ற செயலி வைத்து, பயிற்சி பெற்றவர்களே பாம்பைப் பிடிக்க வேண்டும், பிடித்த இடத்தையும் விட்ட இடத்தையும் குறிக்க வேண்டும் என்று முறைப்படுத்தியிருக்கிறது. நம் பக்கத்தில் பாம்பு பிடிக்கும் பையன்களுக்குக் குறைவில்லை. போன் போட்டால் வண்டியில் வந்துவிடுகிறார்கள். கவனமாகப் பிடித்து, பையில் போட்டு, வீடியோ எடுத்து, தொலைவில் ஏதோ ஓர் ஏரிக்கரையிலோ முந்திரித்தோப்பிலோ விட்டுவிட்டுப் போகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் இதுவும் பழைய குப்பி வேலையின் இன்னொரு வடிவம் என்பேன்: பாம்பு ஓரிடம், பதிவு ஓரிடம். விட்ட இடத்தில் யாராவது அதைப் படமெடுத்து ஏற்றினால் முந்திரித்தோப்பு அதன் பூர்வீகமாகிவிடும்.

பாகூர் கொம்யூனும் கடலூர் மாவட்டமும் இங்கே விரல்கோத்ததுபோலக் கிடக்கின்றன. ஒரே வாய்க்காலின் இந்தக் கரை புதுச்சேரி, அந்தக் கரை தமிழ்நாடு. கடலூர்ப் பக்கத்து வரப்பில் கடிபட்டவர் பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறார். கிட்ட இருப்பது அதுதான். பாகூர்க்காரர் சில நேரம் கடலூருக்குப் போகிறார். இரண்டு அரசுகளும் தத்தம் ஆஸ்பத்திரிக் கணக்கைக் கூட்டினால் கடி எண்ணிக்கை கிடைத்துவிடும். எந்தக் கரை விரியன் என்பது, கடிபட்டவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிவரும் உறவுக்காரரை அந்த அவசரத்திலும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டு எழுதிக்கொண்டால்தான் கிடைக்கும்.